கிருஷ்ணருக்குக் காய்ச்சல்

ஒரு பெரிய தப்பு பண்ணிட்டேன் மக்களே. சாமியைக் கழுவிட்டேன்.

("அதுல என்னப்பா தப்பு?"ன்னு கேக்கறவங்களுக்காகத்தான் இவ்வளவு நீளமான பதிவு. டீ போட்டு எடுத்துட்டு வந்து உக்காருங்க.)

வருஷா வருஷம் மகாளய அமாவாசைக்குப் பத்து நாள் முன்னாடி பரண்லேர்ந்து கொலுப் பெட்டியை இறக்கறது எங்க வீட்ல என் வேலை. இறக்கினதோட நிறுத்தியிருக்கணும். "லேசா தூசி தட்டி வைடா"ன்னு அம்மா சொன்னாங்க. அந்த "லேசா" மட்டும் என் காதுல விழலை.

முதல்ல கையில வந்தது மரப்பாச்சி ஜோடி. பாட்டி கல்யாணத்துல சீரோட வந்தது. செஞ்சந்தன மரம். வீட்ல பல்லு முளைச்ச குழந்தைங்க அத்தனையும் கடிச்சுப் பார்த்திருக்கு. பாட்டி அதோட காலைக் கல்லுல உரசி, குழந்தைக்கு மருந்துன்னு நாக்குல தடவினதை நானே பார்த்திருக்கேன். பாதி மூக்கு தேய்ஞ்சு போச்சு, ஆனா கம்பீரம் குறையலை. ஈரத்துணியால தொடைச்சேன். ஒண்ணும் ஆகலை. தைரியம் வந்து குழாயடியில காட்டினேன். இன்னும் பளபளன்னு ஆச்சு.

அங்கதான் எனக்கு ஞானம் பிறந்துச்சு. மரம்தானே! மண் பொம்மை கரையும், காகிதக்கூழ் பொம்மை ஊறும். மரத்துக்கு என்ன வந்தது?

அடுத்து வந்தது கொண்டப்பள்ளி தசாவதார செட். ஒரு கிண்ணத்துல தண்ணி, அதுல பாத்திரம் கழுவுற லிக்விட் ரெண்டு சொட்டு, பழைய டூத்பிரஷ். (இதை எழுதும்போதே கை நடுங்குது.) எனக்குப் பிடிச்ச சாமிங்கறதால கிருஷ்ணர்கிட்டேர்ந்து ஆரம்பிச்சேன்.

தண்ணி நீலமாச்சு.

சரி, அழுக்கு நல்லாப் போகுதுன்னு இன்னும் கொஞ்சம் தேய்ச்சேன். நீல அழுக்கு எந்த ஊர்ல இருக்குன்னு யோசிக்கத் தோணலை பாருங்க. துணியால ஒத்தி எடுத்துட்டுப் பார்த்தா, கிருஷ்ணருக்குக் கண்ணு இல்லை. புருவமும் இல்லை. வாய் இருந்த இடத்துல இளஞ்சிவப்பா ஒரு தீற்றல். தூக்கி வெளிச்சத்துல பிடிச்சப்போ புல்லாங்குழலோட சேர்ந்து வலது கை தனியாக் கழண்டு கிண்ணத்துல விழுந்துச்சு.

"ப்ளக்."

அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு.

இத்தனைக்கும் இந்த செட்டை வாங்கினப்போ ஒரு எச்சரிக்கை கிடைச்சுது. விஜயவாடாவுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். அங்கேர்ந்து சுமார் 20 கிலோமீட்டர் கொண்டப்பள்ளி. மலைமேல பழைய கோட்டை, கீழ பொம்மை செய்யறவங்க தெரு. பொம்மல காலனின்னே பேர். வாசத் திண்ணையிலயே உக்காந்து செதுக்கறாங்க, வர்ணம் அடிக்கறாங்க. ஒரு வீட்டம்மா செட்டைக் காகிதத்துல சுத்திக் குடுக்கும்போது "நீள்ளு தகலகூடதண்டி"ன்னாங்க. தண்ணி படக்கூடாதுங்கன்னு அர்த்தம். டப்பிங் படம் பார்த்து வளர்ந்த தெலுங்கு எனக்கு. ஏதோ வாழ்த்துறாங்கன்னு நெனச்சு "சால சந்தோஷம்"னு தலையாட்டிட்டு வந்துட்டேன்.

இன்னொரு விஷயமும் சொல்லணும். அங்க ரெண்டு வகை இருந்துச்சு. ஒண்ணு எனாமல் பெயிண்ட் அடிச்சது, கண்ணைப் பறிக்கற பளபளப்பு. இன்னொண்ணு இலை, பட்டை, விதைகள்லேர்ந்து எடுத்த சாய வர்ணம், கொஞ்சம் மங்கல், விலை கூட. நான் யாரு? இயற்கை ஆர்வலராச்சே! கூடக் காசு குடுத்து இயற்கை வர்ணம்தான் வாங்கினேன். என் வீட்டுக்காரி தங்கமணி பத்து நிமிஷம் பேரம் பேசி ஓர் அம்பாரி யானையை எனாமல்ல வாங்கினா. அந்த யானையையும் அதே கிண்ணத்துலதான் கழுவினேன். அதுக்கு ஒண்ணும் ஆகலை. பரண்லேர்ந்து இறங்கினதைவிட நல்லா ஜொலிக்குது. "இயற்கை... இயற்கை..."ன்னு முணுமுணுத்துட்டே தங்கமணி அதைத் தொடைச்சு வெச்ச விதம் இருக்கே, அது தனிப் பதிவு.

கை ஏன் கழண்டுச்சு? இதுக்கு விடை தேடினப்போதான் அந்த பொம்மைக்குள்ள என்ன இருக்குன்னே புரிஞ்சுது.

கொண்டப்பள்ளி பொம்மை ஒரே கட்டையில செதுக்கினது இல்லை. மரத்தோட பேர் தெல்ல பொணிகி. அந்தப் பக்கத்து மலைக்காட்டுல வளர்றது. கையில எடுத்தா மரம்னு நம்ப மாட்டீங்க, அவ்வளவு லேசு. பச்சை மரத்தைச் செதுக்கினா பின்னாடி சுருங்கி வெடிக்கும்னு முதல்ல நல்லா காயவெச்சு ஈரத்தை எடுத்துடறாங்க. அப்புறம் உடம்பு தனி, கை தனி, கிரீடம் தனின்னு செதுக்கி ஒட்டறாங்க. ஒட்டறதுக்குப் புளியங்கொட்டை மாவும் அதே மரத்தோட தூளும் சேர்த்து ஒரு பசை. அதுக்கு மக்குன்னு பேர். மூக்கு, நகை, மடிப்பு மாதிரி மேடுகளையும் இந்த மக்கை வெச்சே எடுத்துக் குடுக்கறாங்க. அதுக்கு மேல சுண்ணாம்புப் பூச்சு. அது காய்ஞ்சதும்தான் வர்ணம்.

ஆக, அந்த கிருஷ்ணர் முழுக்க மரம் இல்லை. மரம், அதுக்கு மேல புளியங்கொட்டை, அதுக்கு மேல சுண்ணாம்பு, அதுக்கு மேல சாயம். நாலுல மூணு தண்ணிக்கு ஆகாது. நான் மிச்சம் இருந்த மரத்தை மட்டும் பார்த்து "மரம்தானே"ன்னு முடிவு கட்டியிருக்கேன். மரப்பாச்சிக்குச் சட்டை கிடையாது, அதனால தப்பிச்சுது.

("2019ல அத்திவரதரைப் பார்த்தோமே, அவர் 40 வருஷம் குளத்துத் தண்ணிக்குள்ளதானே இருந்தார்?"னு பையன் ஒரு கேள்வி கேட்டான். நியாயம்தான். காஞ்சிபுரத்துல அனந்தசரஸ் குளத்துக்குள்ள இருந்த அத்தி மரப் பெருமாள், 48 நாள் வெளிய வந்து 31 நாள் படுத்தபடியும் 17 நாள் நின்னபடியும் காட்சி குடுத்துட்டு மறுபடி உள்ள போனார். அவருக்கு 40 வருஷம், என் கிருஷ்ணருக்கு ரெண்டு நிமிஷம். அங்க ஜலவாசம், இங்க பாத்திரம் கழுவுற லிக்விட். ஒப்பிடாதேன்னு சொல்லி அவனை வீட்டுப்பாடம் எழுத அனுப்பிட்டேன்.)

சரி, அம்மா வர்றதுக்குள்ள ஏதாவது பண்ணணும். கிருஷ்ணரைப் பழைய வேட்டித் துணியில சுத்தி, என் அலமாரியில ஒளிச்சு வெச்சேன். ராத்திரி செட்டை எண்ணிப் பார்த்துட்டு "ஒம்பதுதான்டா இருக்கு, கிருஷ்ணர் எங்க?"ன்னாங்க.

வாயில என்ன வந்துச்சோ அதைச் சொன்னேன்.

"அவருக்குக் காய்ச்சல்மா."

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாங்க. ஆனா நான் சும்மா சொல்லலை. இதுக்கு முன்னுதாரணம் இருக்கு. அதுவும் சாதாரண இடத்துல இல்லை, பூரியில.

கொஞ்சம் ஒடிசாப் பக்கம் போயிட்டு வருவோம்.

சில வருஷம் முன்னாடி ஆபீஸ் வேலையா புவனேஸ்வர் போனவன், ஞாயித்துக்கிழமை பூரிக்கு ஓடினேன். ஜகந்நாதர் கோயில் வாசல்ல போய் நின்னா தரிசனம் கிடையாதாம். ஏன்னு கேட்டா, ஆட்டோக்காரர் அலட்டிக்காம சொல்றார்: "பகவானுக்கு ஜுரம் சார். பதினஞ்சு நாள் யாரையும் பார்க்க மாட்டார்."

கிண்டல் பண்றார்னு நெனச்சேன். நிஜம்.

பூரியில ஜகந்நாதர், அவர் அண்ணன் பலபத்ரர், தங்கச்சி சுபத்ரை, மூணு பேருமே மரம். வேப்ப மரம். (நம்ம ஊர்ல வேம்புன்னா மாரியாத்தா. அங்க பெருமாள்.) மரத்துக்கு மேல துணி, பிசின், வாசனைச் சரக்குன்னு பூச்சு. அதுக்கு மேல வர்ணம். ஜகந்நாதருக்குக் கருப்பு, பலபத்ரருக்கு வெள்ளை, சுபத்ரைக்கு மஞ்சள். வெள்ளைக்குச் சங்குத் தூள், மஞ்சளுக்கு அரிதாரம், சிவப்புக்குச் சாதிலிங்கம், கருப்புக்கு விளக்குக் கரி. எல்லாம் நம்ம நாட்டு மருந்துக் கடையில கேள்விப்பட்ட பேருங்கதான்.

தினமும் மர மூர்த்திக்கு எப்படி அபிஷேகம் பண்றது? அவங்களுக்குத் தெரியும் (எனக்குத் தெரியலை பாருங்க). கண்ணாடியில தெரியற பிம்பத்துக்குத்தான் தினப்படி ஸ்நானம். வருஷத்துக்கு ஒரே ஒரு நாள், ரத யாத்திரைக்கு முந்தின பௌர்ணமியில, மூர்த்திகளை வெளி மண்டபத்துக்குக் கொண்டு வந்து 108 குடம் தண்ணி ஊத்தறாங்க. எல்லாரும் பார்க்க. ஊத்தினா என்ன ஆகும்? எனக்கு ஆனதுதான். வர்ணம் கலையும்.

அவங்க கிண்ணத்தைப் பார்த்துப் பதறலை. "இவ்வளவு தண்ணியில நனைஞ்சா சாமிக்கு ஜுரம் வராதா?"ன்னு உள்ள கூட்டிட்டுப் போய்ப் படுக்க வெச்சுடறாங்க. அதுக்கு அணசரம்னு பேர். பதினஞ்சு நாள் கதவு சாத்தியாச்சு. தைதாபதின்னு சொல்ற சேவகர்கள் மட்டும்தான் கிட்ட போகலாம். அவங்க தங்களை ஜகந்நாதரோட சொந்தக்காரங்களாவே நெனைக்கறவங்க. உடம்பு சரியில்லாத வீட்ல உறவுக்காரங்கதானே கூட இருப்பாங்க. மூலிகைத் தைலம் தடவறாங்க, கஷாய உருண்டை குடுக்கறாங்க, வழக்கமான சாப்பாட்டை நிறுத்திப் பழம் குடுக்கறாங்க. கடைசியில மறுபடி வர்ணம் தீட்டறாங்க. அதுக்குன்னே ஒரு சேவகர் குடும்பம் இருக்கு. கதவு திறக்கும்போது எல்லாம் புதுசு, பளிச்சுன்னு. அந்த தரிசனத்துக்கு நவயௌவனம்னு பேர். அதையொட்டி வர்ற கண் தீட்டற சடங்கு நேத்ரோத்சவம். அப்புறம் ரத யாத்திரை.

இந்தப் பதினஞ்சு நாளும் பூஜை நின்னுடுமா? அதுவும் இல்லை. துணியில எழுதின மூணு பட்டச்சித்திரம் மூர்த்திகளுக்குப் பதிலா நிக்கும். அந்தத் துணியை எப்படித் தயார் பண்றாங்கன்னு நெனைக்கறீங்க? புளியங்கொட்டைப் பசையும் சுண்ணக்கட்டித் தூளும் தடவி, காயவெச்சு, கல்லால தேய்ச்சு. ஆந்திராவுலயும் புளியங்கொட்டை, ஒடிசாவுலயும் புளியங்கொட்டை. நாம மட்டும்தான் குழம்பு வெச்சுட்டு அதைக் குப்பையில போடறோம்.

அன்னிக்கு எனக்கு ஜகந்நாதர் கிடைக்கலை. அந்த ஆட்டோக்காரரே பிரம்மகிரியில அலார்நாத் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனார். அணசர நாட்கள்ல ஜகந்நாதர் அங்க இருக்கார்ங்கறது நம்பிக்கை. கருங்கல் பெருமாள். ஆழ்வார்நாதர்தான் அலார்நாத் ஆச்சுன்னு அங்கயே சொல்றாங்க. பால் பாயசம் பிரசாதம். ரெண்டு தொன்னை வாங்கிக் குடிச்சேன். ஜுரம்னு கேட்டப்போ வந்த எரிச்சல் மூணாவது தொன்னையில போயிடுச்சு. (ஆமா, மூணு.)

வெறும் வர்ணம் மட்டும் இல்லை, மரத்தையே மாத்தற வழக்கமும் பூரியில உண்டு. ஆஷாட மாசம் ரெண்டு தடவை வர்ற வருஷத்துல நவகளேபரம். கடைசியா நடந்தது 2015ல, அதுக்கு முன்னாடி 1996ல. புது வேப்ப மரம் தேடிக் கிளம்பறாங்க. கண்ட மரத்தை வெட்ட மாட்டாங்க. மரத்துல சங்கு சக்கர அடையாளம் இருக்கணும், அடியில புத்து இருக்கணும், பக்கத்துல சுடுகாடு, நீர்நிலை இருக்கணும், பறவைக் கூடு இருக்கக் கூடாதுன்னு ஏகப்பட்ட நிபந்தனை. (எங்க சித்தப்பா மாப்பிள்ளை பார்த்தப்போகூட இவ்வளவு பார்க்கலை.) புது மூர்த்தி செதுக்கினதும், பழைய மூர்த்திக்குள்ள இருக்கற பிரம்ம பதார்த்தங்கற பொருளை ராத்திரியில, கண்ணைக் கட்டிக்கிட்டு, கையைத் துணியால சுத்திக்கிட்டு, புதுசுக்குள்ள மாத்தறாங்க. அப்புறம் பழைய மூர்த்திகளைக் கோயில் வளாகத்துக்குள்ளயே, கோயிலி வைகுண்டங்கற இடத்துல, அடக்கம் பண்ணிடறாங்க. தைதாபதிகள் பத்து நாள் துக்கம்கூடக் காக்கறாங்க.

சாமிக்குச் சாவு உண்டு, சாவுக்குத் தீட்டு உண்டுன்னு ஒத்துக்கற கோயில். எனக்கு அது ரொம்பப் பிடிச்சிருந்துச்சு.

இதையெல்லாம் அம்மாகிட்ட ராத்திரி பதினோரு மணி வரைக்கும் சொன்னேன். பொறுமையாக் கேட்டாங்க.

"அதெல்லாம் சரி. வேட்டியைப் பிரி. என்ன பண்ணித் தொலைச்சேன்னு பார்ப்போம்."

பிரிச்சேன். ஒரு நிமிஷம் ஒண்ணும் பேசலை. அப்புறம் சொன்னாங்க: "பதினஞ்சு நாள் எல்லாம் கிடையாது. அமாவாசைக்கு இன்னும் ஒம்பது நாள். குணப்படுத்து."

ஆரம்பிச்சுது வைத்தியம்.

முதல் நாள், ஈரம் காயட்டும்னு மொட்டை மாடி வெயில்ல வெச்சேன். சாயங்காலம் பார்த்தா மார்பு மேல சுண்ணாம்புப் பூச்சுல ஒரு விரிசல், காவிரி டெல்டா வரைபடம் மாதிரி கிளை பிரிஞ்சு. லேசான மரம், தண்ணி குடிச்சு ஊதி, வெயில்ல சட்டுனு சுருங்கினா பூச்சு எப்படித் தாங்கும்? நிழல்ல, காத்துல, மெதுவாத்தான் காயணும். ரெண்டு நாள் பீரோ மேல படுக்க வெச்சேன்.

மூணாம் நாள் பசை. கடையில விக்கற வெள்ளைப் பசை ஒரு சொட்டு வெச்சா வேலை முடிஞ்சிருக்கும். ஆனா என் இயற்கை ஆர்வம் இன்னும் சாகலை. சமையலறை டப்பாவுலேர்ந்து புளியங்கொட்டையைப் பொறுக்கி, வறுத்து, தோலை உடைச்சு எடுத்து, ஒரு ராத்திரி ஊற வெச்சு, மிக்ஸியில போட்டேன்.

மிக்ஸியில புளியங்கொட்டை போடாதீங்க.

அந்தச் சத்தத்துக்குக் கீழ் வீட்டுக்காரர் மேல வந்தார். ஜார்ல பிளேடு ஒரு பக்கம் வளைஞ்சுடுச்சு. தங்கமணி ஒண்ணும் சொல்லலை, அந்த ஜாரை எடுத்து கிருஷ்ணர் பக்கத்துல வெச்சுட்டுப் போனா. அதையும் குணப்படுத்தணுமாம்.

ஆனா ஒண்ணு சொல்றேன். அரைகுறையா அரைஞ்ச அந்த மாவைத் தண்ணியில கரைச்சு அடுப்புல கிண்டினா, அல்வா பதத்துல ஒரு பசை வருது பாருங்க... அருமை! தெரு முனை ஆசாரி பட்டறையில ஒரு கைப்பிடி மரத்தூள் வாங்கிக் கலந்து கையை ஒட்டினேன். மறுநாள் இரும்பா நின்னுச்சு. மிச்சத்தை டப்பாவுல மூடி வெச்சேன். மூணு நாள்ல பச்சைப் பசேல்னு பூஞ்சை. பசை கெடாம இருக்க மயில்துத்தம் ஒரு சிட்டிகை போடணும்னு அந்த ஆசாரி அப்புறமாச் சொன்னார். (எல்லாரும் எல்லாத்தையும் எனக்கு அப்புறமாத்தான் சொல்றாங்க.)

வெள்ளைப் பூச்சுக்கு, கோலத்துக்கு வாங்கின சுண்ணக்கட்டியைப் பொடிச்சு அதே பசையில குழைச்சுத் தடவினேன். மெல்லிசா, மூணு தடவை. உப்புத்தாளால தேய்ச்சதும் முட்டை ஓடு மாதிரி வழவழன்னு வந்துச்சு. எனக்கே என் மேல மரியாதை வந்த ஒரே நாள் அது.

வர்ணம்? முதல்ல பையனோட போஸ்டர் கலர். அடிக்கும்போது அழகா இருந்துச்சு. காய்ஞ்சதும் தொட்டா விரல்ல நீலம். அரை மணி நேரத்துல கதவு, டிவி ரிமோட், அம்மாவோட கண்ணாடி எல்லாம் கிருஷ்ணமயம். தொடைச்சுட்டு, நகைகளுக்கு மட்டும் தங்கமணியோட தங்கக் கலர் நகப்பூச்சைத் திருடி வெச்சுப் பார்த்தேன். அது அடியில இருந்த வர்ணத்தையே இளக்கி இழுத்துட்டு வந்துடுச்சு. கடைசியில அக்ரிலிக். அது நின்னுச்சு. நீலம் மட்டும் பழைய நீலம் வரலை. இயற்கைச் சாயத்துல ஒரு சாம்பல் கலந்த அடக்கம் இருந்துச்சு. இது டவுன் பஸ் நீலம். வெள்ளை கொஞ்சம், கருப்பு ஒரு துளி, மஞ்சள் ஒரு துளின்னு கலந்து கலந்து, மயிலிறகு பக்கமா வர்றதுக்கு ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்கப் போச்சு.

மிச்சம் கண்ணு.

இதுவரைக்கும் பட்டதெல்லாம் சும்மா. இனிமேதான் பாடு.

கண்ணை எழுதற வரைக்கும் அது நீலம் அடிச்ச கட்டை. பொம்மை எழுதறவங்க கண்ணை ஏன் கடைசிக்கு வெக்கறாங்கன்னு கையில பிரஷ் பிடிச்சாத்தான் தெரியும். நம்ம ஸ்தபதிங்க சிலைக்குக் கண் திறக்கறதை ஒரு சடங்காவே வெச்சிருக்காங்க. பூரியில நேத்ரோத்சவம். எல்லாம் காரணமாத்தான்.

என் முதல் முயற்சியில கிருஷ்ணர் அதிர்ச்சியா இருந்தார், யாரோ வெண்ணெய் விலை சொன்ன மாதிரி. அழிச்சேன். ரெண்டாவதுல ஒரு கண்ணு துவாரகையைப் பார்த்துச்சு, இன்னொண்ணு பிருந்தாவனத்தை. அழிச்சேன். மூணாவதுல ரெண்டும் சரியா இருந்துச்சு, ஆனா தூங்கிட்டு இருந்தார். பிரஷ் தடிமன்னு பல்குச்சிக்கு மாறினேன். பல்குச்சி ஈரத்தை உறிஞ்சுது. குண்டூசிக்கு மாறினேன். குண்டூசி கீறிச்சு. தங்கமணியோட கண் மை பென்சிலைத் திருடினேன். (இந்தப் பதிவை அவ படிக்க மாட்டாங்கற நம்பிக்கையில சொல்றேன்.)

அப்போ பூரி பொம்மையை நெனச்சுப் பொறாமையா இருந்துச்சு. நான் வாங்கிட்டு வந்த சின்ன ஜகந்நாதர் கொலுப் பெட்டியில இருக்கார். வட்ட வட்டமா ரெண்டு பெரிய கண்ணு. இமையே கிடையாது. எழுதறது எவ்வளவு சுலபம்னு நெனச்சு ஒரு காகிதத்துல வட்டம் போட்டுப் பார்த்தேன். ரெண்டு சமமான வட்டம் கையால போட்டுப் பாருங்க, தெரியும் சங்கதி. அந்த வட்டத்துக்கு வெளிய சிவப்பு விளிம்பு வேற.

பொறாமைப்பட இன்னொரு காரணமும் இருக்கு. ஜகந்நாதர் கை கால் முழுசா இல்லாம இருக்கறதுக்கு ஒரு கதை சொல்வாங்க. இந்திரத்யும்ன ராஜா கேட்டதுக்காக விசுவகர்மாவே தச்சனா வந்து, "நான் முடிக்கற வரைக்கும் கதவைத் திறக்காதே"ன்னு சொல்லிட்டுச் செதுக்கினாராம். உள்ள சத்தமே இல்லையேன்னு ராஜா பதறித் திறந்துட, தச்சன் மறைஞ்சுட்டாராம், மூர்த்தி அரைகுறையா நின்னுடுச்சாம். அவசரப்பட்டுத் திறந்ததுக்கு உலகமே கும்பிடற ரூபம் கிடைச்சுது ராஜாவுக்கு. நான் அவசரப்பட்டுக் காயறதுக்குள்ள தொட்டதுக்கு, கிருஷ்ணர் கன்னத்துல என் கைரேகை கிடைச்சுது.

ஆறாவது தடவை அழிச்சப்போ சுண்ணாம்புப் பூச்சே தெரிய ஆரம்பிச்சுடுச்சு. கிளம்பிட்டேன், மயிலாப்பூருக்கு.

வடக்கு மாட வீதியில இந்தச் சீசன்ல நடைபாதை முழுக்கக் கொலு பொம்மைதான். ஒரு ஓரத்துல, பழைய பொம்மைக்கு வர்ணம் அடிச்சுக் குடுக்கற பெரியவர் ஒருத்தர். தேங்காய்ச் சிரட்டையில கருப்பு மை, மூணே மூணு பிரஷ். வேட்டியைப் பிரிச்சுக் காட்டினேன். டாக்டர்கிட்ட குழந்தையைக் காட்டற மாதிரி ரெண்டு கையாலயும் பிடிச்சுட்டு நின்னேன்.

"யாரு பண்ணது?"

"நான்தான் ஐயா."

"கையை ஒட்டினது?"

"அதுவும் நான்தான்."

"அது நல்லா இருக்கு"ன்னார். (இதை ஃபிரேம் போட்டு மாட்டலாம்னு இருக்கேன்.)

அப்புறம் பொம்மையைத் தலைகீழாப் பிடிச்சார். "நேராப் பார்த்தா மூஞ்சிதான் தம்பி தெரியும், கோடு தெரியாது. தலைகீழாப் பிடி, ரெண்டு பக்கமும் சமமான்னு அப்போ தெரியும்." ஒரு கண்ணை முழுசா முடிச்சுட்டு அடுத்ததுக்குப் போனதுதான் நான் பண்ண தப்பாம். மேல் கோடு ரெண்டுக்கும் முதல்ல. அப்புறம் கீழ் கோடு ரெண்டுக்கும். அப்புறம்தான் பாப்பா. அந்தப் பாப்பாவும் நடுவுல மிதக்கக் கூடாது, மேல் இமையைத் தொட்டுக்கிட்டு இருக்கணும். "நடுவுல விட்டீன்னா முழிப்பாரு. இமையில முட்ட விடு, சிரிப்பாரு." அவ்வளவுதான் ரகசியம்.

மூச்சைப் பிடிச்சு இடது கை சுண்டு விரலை ஊணிக்கிட்டு வலது கண்ணை அவர் எழுதினார். கோடு ஆரம்பிச்சதும் தெரியலை, முடிஞ்சதும் தெரியலை. அப்புறம் பிரஷை என் கையில குடுத்துட்டார்.

"இதை நீ எழுது. உங்க வீட்டு சாமி."

எழுதினேன். கை நடுங்கிச்சு. ஒரு மயிரிழை மேல ஏறிடுச்சு. அழிக்கப் போனேன், தடுத்துட்டார். "விடு. அப்பத்தான் யாரு எழுதினதுன்னு தெரியும்." காசு வாங்க மறுத்துட்டார். கட்டாயப்படுத்தினதுக்கு அம்பது ரூபாய் எடுத்துக்கிட்டார். அடுத்த வருஷத்துக்கு அறிவுரையும் இலவசம்: காய்ஞ்ச மெத்துப் பிரஷால தட்டினாப் போதும். பருத்தித் துணியில சுத்து, பாலிதீன் கவர்ல போடாதே, வேர்த்துடும். செய்தித்தாளை நேராச் சுத்தாதே, எழுத்து மூஞ்சில ஒட்டும். பெட்டியில வேப்பிலை.

வேப்பிலைன்னதும் எனக்குப் பூரி ஞாபகம் வந்துச்சு. அவருக்குச் சொல்லணும்னு தோணுச்சு, ஆனா அடுத்த ஆள் மூக்கு உடைஞ்ச சரஸ்வதியோட நின்னுட்டிருந்தார்.

திரும்பி வர்ற வழியில ஒரு பெரிய கடை. கண்ணாடிக்குள்ள மரத்துல ஒரு நரசிம்மர், ஒரு கருடன். எல்லாம் வர்ணத்தைச் சுரண்டி எடுத்து, மரத்தோட ரேகை தெரியற மாதிரி எண்ணெய் பூசி வெச்சிருக்காங்க. மூஞ்சில அங்கங்க பழைய சிவப்பு திட்டுத்திட்டா. அதுக்குப் பேர் ஆன்டிக். விலையைக் கேட்டுட்டு வெளிய வந்துட்டேன். செதுக்கினவன் மரத்தைக் காட்டணும்னு நெனச்சிருந்தா அவனே விட்டிருப்பானே? அரும்பாவூர், தம்மம்பட்டிப் பக்கம் வாகை மரத்துல செதுக்கறவங்க அப்படித்தான் வர்ணம் இல்லாம விடறாங்க, அதுக்கு ஏத்த மாதிரி ஆழமா வெட்டறாங்க, அது அழகு. ஆனா வர்ணத்துக்குன்னே செஞ்ச சாமியோட சட்டையை உருவி வரவேற்பறையில நிக்க வெக்கறதை என்னால ஒத்துக்க முடியலை. நானும் அதைத்தானே பண்ணேன்னு கேக்காதீங்க. நான் திரும்பப் போட்டேன்.

அமாவாசைக்கு முந்தின நாள் சாயங்காலம் அம்மா கையில குடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, தள்ளிப் பிடிச்சு, கிட்டப் பிடிச்சு, ரொம்ப நேரம் பார்த்தாங்க.

"ஜுரம் விட்டுடுச்சு. கொஞ்சம் இளைச்சிருக்கார்."

மூணாம் படியில வாமனருக்குப் பக்கத்துல வெச்சாங்க. தசாவதார வரிசையில ராமருக்கு அப்புறம்தானே கிருஷ்ணர் வரணும்னு கேட்டதுக்கு, "தண்ணிக்குப் பயந்த ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கட்டும்"னாங்க. வாமனர் குடையிலயும் லேசா ஈரம் பட்டது அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு எனக்கு இன்னும் புரியலை.

கொலுவுக்கு வாங்க. வெள்ளிக்கிழமை கொண்டைக்கடலைச் சுண்டல். படிகிட்ட வந்து பார்க்கலாம், பாடலாம், போட்டோ எடுக்கலாம். கிருஷ்ணரோட இடது கண்ணை மட்டும் ரொம்ப உத்துப் பார்க்காதீங்க. அது நான் எழுதினது.